ஃப்ரீ ஏஜென்சிக்கு முன் ஒப்பந்தங்களைக் கையாளுதல்: அமெரிக்கக் கால்பந்து சிமுலேஷன் லீக் மேலாளர்களுக்கான கேள்வி பதில்கள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் விதிகளை முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ பின்பற்றி, கணினியில் நடத்தப்படும் சிமுலேஷன் லீக்குகளில் அணி நடத்துபவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்படுகிறது. மேடன் என்.எஃப்.எல். வீடியோ விளையாட்டில் ஓர் அணியைப் பல சீசன்கள் நடத்தும் ஃபிரான்சைஸ் முறையில் முப்பத்திரண்டு பேர் சேர்ந்து ஆடுபவர்களும் இதில் அடங்குவர். சம்பளங்களைக் கணக்குத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் கணினியிடம் ஒப்படைப்பவர்களும் அடங்குவர். சில சீசன்கள் இத்தகைய லீக் ஒன்றை நடத்தும் கமிஷனராக இருந்து, மேலாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், கேட்காமல் விட்டுப் பின்னர் வருந்தியவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஃப்ரீ ஏஜென்சிக்கு முந்தைய காலம் என்பது எப்போது தொடங்குகிறது?

ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பும் அணியோடு பேசிச் சேரும் உரிமையே ஃப்ரீ ஏஜென்சி. வீரர்கள் தொடுத்த வழக்குகளின் சமரசமாக இது 1993இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. அந்த ஆண்டே ரெஜி வைட் பிலடெல்பியாவை விட்டு நான்கு ஆண்டுகளுக்கு 1.7 கோடி டாலர் என்னும் ஒப்பந்தத்தில் கிரீன் பே அணிக்குச் சென்றார். மறு ஆண்டு, 1994இல், சம்பள உச்சவரம்பு 3.46 கோடி டாலராக நடைமுறைக்கு வந்தது. வீரருக்கு வெளியேறும் உரிமை, உரிமையாளருக்குச் செலவுக்கு ஒரு வரம்பு என்று இரண்டும் ஒரே பேரத்தில் பிறந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மற்ற விதிகள் ஏன் அவ்வாறு இருக்கின்றன என்பது எளிதில் விளங்கும்.

நாள்காட்டிப்படி, சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் முடிந்ததிலிருந்து மார்ச் நடுவில் புதிய லீக் ஆண்டு பிறக்கும் வரையுள்ள ஐந்து வாரங்கள்தான் முந்தைய காலம். மேடனில் இது சூப்பர் பவுலுக்குப் பின் வரும் மறு ஒப்பந்தக் கட்டம். கமிஷனர் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தியவுடன் ஒப்பந்தம் முடிந்தவர்கள் அனைவரும் பொதுச் சந்தைக்குப் போய்விடுவர். ஆனால் வேலை தொடங்க வேண்டிய நாள் அதுவன்று. சீசனின் பாதியில், வீரர்களை இன்னும் வேறு அணிக்கு மாற்ற முடியும் என்ற நிலையில், முடிவுகளில் பாதியையாவது எடுத்திருக்க வேண்டும். மறு ஒப்பந்தக் கட்டத்தில் வந்து பட்டியலைத் திறப்பவருக்கு, கேட்ட விலையைக் கொடுப்பது, டேக் போட்டு ஓராண்டு பிடித்து வைப்பது (இதைப் பின்னர் விளக்குகிறேன்), போகவிடுவது என்ற மூன்று வழிகளே மிஞ்சியிருக்கும்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும், பணத்தையா ஆளையா?

பணத்தை. ஆளை முதலில் பார்த்தால் மனம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். பிறகு கணக்கை அதற்கேற்ப வளைக்கத் தோன்றும்.

அடுத்த ஆண்டுக்கான உச்சவரம்பை எழுதி, அதிலிருந்து ஏற்கெனவே கட்டுப்பட்டுள்ள ஒப்பந்தங்கள், விடுவிக்கப்பட்ட வீரர்களால் நிற்கும் சுமை, அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் வரப்போகும் புதியவர்களுக்கான தொகை, காயங்களுக்கு மாற்று ஆள் சேர்க்க ஒரு சிறு கையிருப்பு ஆகியவற்றைக் கழியுங்கள். இந்த ஆண்டு செலவழிக்காமல் விட்ட இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல என்.எஃப்.எல். அனுமதிக்கிறது, உங்கள் லீக்கும் அனுமதித்தால் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். லீக் ஆண்டு பிறந்ததிலிருந்து சீசன் தொடங்கும் வரை மிக உயர்ந்த ஐம்பத்தொரு சம்பளங்கள் மட்டுமே முழுமையாகக் கணக்கில் சேரும் என்பதும் உண்மையான லீக்கின் விதி. ஆகவே குறைந்தபட்சச் சம்பளத்தில் அறுபதாவது ஆளைச் சேர்ப்பது அப்போதைக்கு உங்கள் இடத்தைத் தின்னாது. ஒரு கோடி டாலர் வீரரைச் சேர்த்தால், அவர் பட்டியலிலிருந்து கீழே தள்ளும் ஐம்பத்தொன்றாவது ஆளின் சம்பளம் கழிந்து மீதிதான் புதிய செலவாகும்.

இந்தக் கணக்கை ஒரு ஆண்டுக்கு மட்டும் போடாதீர்கள், மூன்று ஆண்டுகளுக்குப் போடுங்கள். நான் பார்த்த வரையில், சிக்கலில் மாட்டிய அணிகள் எல்லாமே முதலாம் ஆண்டு வரிசையில் மிகச் சரியாக இருந்தன.

உச்சவரம்பு ஒவ்வோர் ஆண்டும் உயரத்தானே செய்கிறது, அதை நம்பி இப்போதே செலவழிக்கலாமா?

பெரும்பாலான ஆண்டுகளில் உயர்கிறது. 2023இல் 22.48 கோடி டாலர், 2024இல் 25.54 கோடி, 2025இல் 27.92 கோடி என்று அண்மையில் வேகமாகவே உயர்ந்தது. ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் அரங்க வருவாய் இல்லாமல் போனதால், 2020இல் 19.82 கோடியாக இருந்தது 2021இல் 18.25 கோடியாக இறங்கியது. உயர்வை நம்பிப் பின்னாளைக்குச் சுமை தள்ளி வைத்திருந்த அணிகள் அந்த மார்ச் மாதத்தில் நல்ல ஆட்டக்காரர்களை விடுவிக்க நேர்ந்தது. சிமுலேஷன் லீக்கில் அந்த எண்ணை மென்பொருளோ கமிஷனரோ தீர்மானிக்கிறார். எனவே அடுத்த ஆண்டு எண் எப்போது, எந்த அடிப்படையில் அறிவிக்கப்படும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை, இந்த ஆண்டு எண்ணையே அடுத்த ஆண்டுக்கும் வைத்துக் கணக்கிடுவது நல்லது.

ஒப்பந்தம் முடியும் எல்லோரும் ஒரே வகையினரா?

இல்லை. என்.எஃப்.எல். கணக்கில், ஒரு சீசனில் ஆறு ஆட்டங்களுக்காவது முழுச் சம்பளப் பட்டியலில் இருந்தால் அது ஒரு சேர்ந்த சீசன். ஒப்பந்தம் முடியும்போது நான்கோ அதற்கு மேலோ இருப்பவர் எந்தத் தடையும் இல்லாமல் போகலாம். மூன்று சீசன் உடையவருக்கு அணி ஒரு நிர்ணயத் தொகையை முன்வைக்கலாம்; வேறு அணி அவருக்கு விலை சொன்னால் அதற்கு ஈடு கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ள ஐந்து நாள் அவகாசம் உண்டு; விட்டுவிட்டால், முன்வைத்த தொகையின் படிநிலையைப் பொறுத்து, டிராஃப்டில் ஒரு வீரரைத் தேர்வு செய்யும் வாய்ப்பு ஈடாகக் கிடைக்கலாம். மூன்றுக்கும் குறைவானவரிடம் குறைந்தபட்சச் சம்பளத்தை முன்வைத்தாலே போதும், அவர் பிற அணிகளோடு பேச முடியாது.

டிராஃப்டில் தேர்வானவர்களுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் என்பதால், நடுவகையில் வருபவர்கள் பெரும்பாலும் டிராஃப்டில் யாரும் எடுக்காமல் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்களே. இவர்களைத்தான் மேலாளர்கள் மறக்கிறார்கள். யாரும் எடுக்காத கார்னர்பேக் (பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணியினரைத் தடுப்பவர்) ஒருவர் மூன்று ஆண்டுகளில் முதல் வரிசை ஆட்டக்காரராக வளர்ந்திருப்பார். நிர்ணயத் தொகைக்கான கடைசி நாள் கடந்த பிறகுதான் அவர் பெயர் நினைவுக்கு வரும். இந்தப் பிரிவினையை உங்கள் லீக் பின்பற்றுகிறதா என்பதை விதிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பற்றுவதாக இருந்தால் அதற்கென்று கணக்குத்தாளில் தனி நெடுவரிசை ஒன்று வையுங்கள்.

கையெழுத்து போனஸ் கணக்கில் எப்படி ஏறுகிறது?

இதை விளங்கிக்கொண்டால் மற்றவற்றில் பாதி விளங்கிவிடும். போனஸ் பணம் வீரரின் கைக்கு உடனே போய்விடுகிறது. உச்சவரம்புக் கணக்கில் மட்டும் அது ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிக்கப்படுகிறது, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். நான்கு ஆண்டு, 4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 2 கோடி போனஸ் என்று கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் 50 லட்சம் போனஸ் பங்காக ஏறும். மீதி 2 கோடி அடிப்படைச் சம்பளமாகப் பிரியும். இரண்டு ஆண்டு கழித்து அவரை விடுவித்தால், கட்டாத அடிப்படைச் சம்பளம் போய்விடும்; ஆனால் இன்னும் கணக்கில் ஏறாத 1 கோடி போனஸ் ஒட்டுமொத்தமாக அந்த ஆண்டில் வந்து நிற்கும். டெட் மணி என்று சொல்லப்படுவது இதுதான். ஆள் இல்லை, ஆட்டம் இல்லை, இடம் மட்டும் அடைபட்டிருக்கும். வேறு அணிக்கு மாற்றினாலும் இதே நிலைதான். போனஸ் கொடுத்த அணியே அதைச் சுமக்கும்.

இதன் உச்சத்துக்கு டென்வர் அணியே சான்று. 2022இல் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ரஸ்ஸல் வில்சனைச் சியாட்டிலிடமிருந்து பெற்ற டென்வர், அவருடைய பழைய ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் மீதமிருக்கும்போதே ஐந்து ஆண்டு நீட்டிப்பு கொடுத்தது. நீட்டிப்பின் முதல் ஆண்டு 2024. அந்த ஆண்டு மார்ச்சில், அதன் கீழ் ஒரு ஆட்டம்கூட ஆடும் முன்பே, அவரை விடுவித்தது; இரண்டு ஆண்டுகளில் பிரிந்து ஏறிய டெட் மணி ஏறத்தாழ 8.5 கோடி டாலர். இதே வில்சன்தான், மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட இளைஞராக, 2013 சீசனில் சியாட்டிலின் கணக்கில் ஏழு லட்சம் டாலருக்கும் குறைவாக இடம் பிடித்துக்கொண்டு அந்த அணியைச் சூப்பர் பவுல் வெற்றிக்கு அழைத்துச் சென்றவர். குவாட்டர்பேக் மலிவாக இருக்கும் ஆண்டுகளின் அருமை அவை கடந்த பிறகுதான் பல மேலாளர்களுக்குத் தெரிகிறது.

விடுவிப்பதை ஜூன் 1க்குத் தள்ளினால் என்ன பயன்?

அந்த நாளுக்குப் பின் விடுவித்தால் நடப்பு ஆண்டின் போனஸ் பங்கு மட்டும் இந்த ஆண்டில் நிற்கும். மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும். மார்ச்சிலேயே விடுவித்துவிட்டு ஜூன் 1க்குப் பின் நடந்ததாகக் குறிக்க ஒவ்வோர் அணிக்கும் இரண்டு பேர் வரை அனுமதி உண்டு, ஆனால் அதனால் கிடைக்கும் இடம் ஜூனில்தான் திறக்கும். ஃப்ரீ ஏஜென்சியின் முதல் நாளுக்கு அது உதவாது. கடனை அடைப்பதற்கும் தவணை கேட்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. தவணை கேட்பதில் தவறில்லை, அடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் தவறு.

நல்ல வீரரோடு சீசன் நடுவிலேயே ஒப்பந்தம் நீட்டிப்பதா, முடியும்வரை காத்திருப்பதா?

இளைஞராகவும் ஏறுமுகத்தில் இருப்பவராகவும் இருந்தால் நடுவிலேயே நீட்டியுங்கள். டிராஃப்டில் வந்தவரோடு மூன்றாம் சீசன் முடிந்த பிறகே மறுபேச்சு நடத்தலாம் என்பது என்.எஃப்.எல். விதி, அந்த நாள் வந்தவுடன் பேசத் தொடங்குவதே மலிவான வழி. காத்திருப்பு விலையை எப்படி ஏற்றும் என்பதற்கு டாலஸ் அணியின் டாக் பிரெஸ்காட் நல்ல எடுத்துக்காட்டு. நான்காம் சுற்றில் வந்த அவருடைய முதல் ஒப்பந்தம் முடிந்தபோது நீண்ட கால உடன்பாடு கைகூடவில்லை. 2020இல் ஏறத்தாழ 3.14 கோடி டாலர் டேக்கில் ஆடினார்; 2021இல் நான்கு ஆண்டுகளுக்கு 16 கோடி என்று கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தில் இனி டேக் போட முடியாது என்ற நிபந்தனையை அவர் சேர்த்துக்கொண்டார். அது 2024இல் பலித்தது: டேக் என்ற ஆயுதம் கையில் இல்லாத அணி, ஆண்டுக்கு 6 கோடி டாலர் என்ற கணக்கில் நான்கு ஆண்டு நீட்டிப்புக்கு உடன்பட்டது. தொகை மட்டுமே ஒப்பந்தம் ஆகாது, நிபந்தனைகளும் விலைதான்.

இறங்குமுகத்தில் இருப்பவர், காயத்திலிருந்து திரும்புபவர், ஒரே ஒரு சீசனில் மட்டும் மின்னியவர் ஆகியோரிடத்தில் காத்திருங்கள். மென்பொருள் அந்த ஒரு சீசனைப் பார்த்து மதிப்பெண்ணை உயர்த்தியிருக்கும், வீரரும் அந்த மதிப்பெண்ணுக்கே விலை கேட்பார். நீங்கள் வாங்கப்போவதோ அவருடைய அடுத்த மூன்று ஆண்டுகளை. நடந்து முடிந்த சீசனுக்கு நன்றிக்கடனாகச் சம்பளம் கொடுப்பதுதான் எங்கள் லீக்கில் நான் கண்ட மிகப் பொதுவான தவறு. அடுத்தடுத்துப் பட்டம் வென்ற அணிகளிடம் அது இன்னும் அதிகம்.

ஃபிரான்சைஸ் டேக் யாருக்குப் போட வேண்டும்?

ஒவ்வோர் ஆண்டும் ஒரு வீரரை மட்டும், அவருடைய ஒப்புதல் இல்லாமலேயே, மேலும் ஓராண்டு பிடித்து வைக்கும் உரிமை அது. பிப்ரவரி பின்பாதியில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் போட வேண்டும். விலை அந்த ஆட்ட இடத்தில் உள்ள உயர்ந்த ஐந்து சம்பளங்களின் அடிப்படையில் வரும் தொகை அல்லது அவரது முந்தைய சம்பளத்தின் 120 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது. 2024இல் குவாட்டர்பேக்குக்கு ஏறத்தாழ 3.83 கோடி டாலர், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கு ஏறத்தாழ 1.2 கோடி. அதை ஆண்டுகளுக்குப் பிரிக்க முடியாது. முழுத் தொகையும் ஒரே ஆண்டில் ஏறும். ஆகையால் டேக் போடுவதற்கு முன் அந்த இடம் உண்மையிலேயே காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

டேக்குக்கு மூன்று நல்ல காரணங்களையே நான் ஏற்கிறேன். நீண்ட ஒப்பந்தத்துக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, நேரம் மட்டும் போதவில்லை என்பது முதலாவது. வீரரின் ஒரு சீசனை நம்புகிறீர்கள், ஐந்து சீசனை நம்பவில்லை என்பது இரண்டாவது. மூன்றாவது, டேக் போட்டு வேறு அணிக்கு மாற்றுவது: 2022இல் கிரீன் பே அணி டவாண்டே ஆடம்ஸுக்கு டேக் போட்டது, பிறகு லாஸ் வேகாஸுக்கு மாற்றி முதல் சுற்று, இரண்டாம் சுற்று வாய்ப்புகளைப் பெற்றது. வெறும் கையோடு இழந்திருக்க வேண்டிய ஆளுக்கு அது நல்ல ஈடு.

ஒருவருக்கே ஆண்டுதோறும் டேக் போடுவது மட்டும் வேண்டாம். இரண்டாம் முறை 120 விழுக்காடு, மூன்றாம் முறை 144 விழுக்காடு என்று விலை ஏறும். வாஷிங்டன் அணி கெர்க் கஸின்ஸுக்கு 2016இல் 1.995 கோடியும் 2017இல் 2.394 கோடியும் கொடுத்தது. மூன்றாம் டேக் தாங்காது என்பதால் 2018இல் அவர் மின்னசோட்டாவுக்குச் சென்று, மூன்று ஆண்டுகளுக்கு 8.4 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு பெற்றார். வாஷிங்டனுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் மட்டுமே மிச்சம்.

டேக் கணக்கில் வீரர் எந்த இடத்தைச் சேர்ந்தவர் என்பதை யார் முடிவு செய்வது?

இது சிறு விஷயம் போலத் தோன்றும், ஆனால் சண்டைகளில் பெரும்பங்கு இங்கேதான். 2014இல் நியூ ஆர்லியன்ஸின் ஜிம்மி கிரஹாமுக்கு டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதும் பந்தைப் பிடிப்பதும் செய்பவர்) என்ற முறையில் ஏறத்தாழ 70 லட்சம் டாலர் டேக் வந்தது. பந்தைப் பிடிப்பதையே முதன்மை வேலையாகக் கொண்ட வைட் ரிசீவராகக் கணக்கிட்டிருந்தால் ஏறத்தாழ 1.23 கோடி. தாம் பெரும்பாலும் ரிசீவர் நிற்கும் இடத்தில்தான் நின்று ஆடினேன் என்று அவர் வாதிட்டார். நடுவர் அவரை டைட் எண்ட் என்றே தீர்த்தார். உங்கள் லீக்கில் மேலாளர் ஒருவர் டேக்குக்கு முந்தைய வாரம் வீரரின் இடத்தை மாற்றிப் பதிவு செய்வதை அனுமதிக்கிறீர்களா என்பதை விதியாகவே எழுதி வையுங்கள். எங்கள் லீக்கில் ஒருவர் இதைச் செய்து முடித்த பிறகுதான் அந்த விதியை எழுதினோம்.

இன்னொன்று: உண்மையான லீக்கில் தாக்குதல் வரிசை லைன்மேன்கள் அனைவரும் டேக்குக்கு ஒரே பிரிவு. ஆகவே நடுவில் நிற்கும் சென்டருக்கும், குவாட்டர்பேக்கின் இடப்புறத்தைக் காக்கும் இடப்புற டாக்கிளின் விலையைக் கொடுக்க நேரும். சென்டருக்கு டேக் போடுவது அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

எந்த இடத்துக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்கலாம்?

குவாட்டர்பேக், இடப்புற டாக்கிள், எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் வீரர், முதல் நிலை கார்னர்பேக் என்ற வரிசையில் நான் பணத்தை ஒதுக்குவேன். ரன்னிங் பேக்குக்கு இரண்டாம் ஒப்பந்தம் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் மேடனிலும் சரி, உண்மையிலும் சரி, அவர்கள் முப்பதை எட்டும் முன்பே தேயத் தொடங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை முகத்தில் அறைந்தது சக்வான் பார்க்லி: நியூ யார்க் ஜயன்ட்ஸ் 2024இல் அவரைப் போகவிட்டது, பிலடெல்பியா மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 3.8 கோடிக்கு எடுத்தது, அவர் அந்தச் சீசனில் 2,005 கெஜம் ஓடிச் சூப்பர் பவுலும் வென்றார். என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பிலடெல்பியாவின் தாக்குதல் வரிசையைப் போன்ற ஒன்று உங்களிடம் இருந்தால், விதிவிலக்காகக் கருதலாம்.

சம்பளத்தைப் போனஸாக மாற்றி இடம் உருவாக்கலாமா?

மறுசீரமைப்பு என்னும் இந்த வழியில் வீரர் எதையும் இழப்பதில்லை என்பதால் அவர் மறுப்பது அரிது. அடிப்படைச் சம்பளம் 1.7 கோடி, ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுகள் மீதம் என்றால், 1.5 கோடியைப் போனஸாக மாற்றும்போது ஆண்டுக்கு 30 லட்சமாகப் பிரியும். இந்த ஆண்டு 1.2 கோடி இடம் கிடைக்கும். அடுத்த நான்கு ஆண்டுகளிலும் தலா 30 லட்சம் கூடும். உறுதியாக இன்னும் மூன்று ஆண்டுகள் அணியில் வைத்திருக்கப்போகும் வீரரிடம் மட்டும் இதைச் செய்யுங்கள். விடுவிக்கலாமா என்று யோசிக்கும் வீரரிடம் செய்தால், நீங்களே அவரை விடுவிக்க முடியாதவராக்கிக் கொள்கிறீர்கள்.

வெற்று ஆண்டுகள் சேர்ப்பதும் இதே குடும்பம். ஆடப்போகாத ஆண்டுகளை ஒப்பந்த வாலில் ஒட்டிப் போனஸை அவற்றுக்கும் பிரிப்பார்கள். ஒப்பந்தம் கலையும் நாளில் மீதி முழுவதும் வந்து விழும். டாம் பிரேடி ஓய்வு பெற்ற பின் 2023இல் டாம்பா பே அணியின் கணக்கில் ஏறத்தாழ 3.5 கோடி டாலர் நின்றது இவ்வாறுதான். அந்த அணி இடையில் ஒரு சூப்பர் பவுல் வென்றதால் அதைப் பற்றி வருந்தியிருக்காது. வெல்லாத அணிக்கு அந்த ஆறுதலும் இல்லை.

மேடனில் நல்ல விலை சொல்லியும் வீரர் மறுக்கிறார், ஏன்?

2022இல் வந்த மேடன் என்.எஃப்.எல். 23 முதல், வீரர்களுக்கு விருப்பங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. முதல் வரிசையில் இடம், தலைசிறந்த குவாட்டர்பேக் உள்ள அணி, பெருநகரச் சந்தை, வெப்பமான வானிலை, மாநில வருமான வரி இல்லாத இடம் என்று அவை பலவகை. ஒவ்வொருவருக்கும் அவற்றின் வரிசை வேறு. வரி இல்லாத மாநிலத்தை விரும்புபவரிடம் மயாமி, டாம்பா, ஜாக்சன்வில், டாலஸ், ஹூஸ்டன், டென்னசி, லாஸ் வேகாஸ், சியாட்டில் ஆகிய அணிகளுக்கு இயல்பான முன்தூக்கம் உண்டு. நீங்கள் பஃபலோவை நடத்துகிறீர்கள், உங்கள் வீரரோ வெயிலையும் வரிவிலக்கையும் விரும்புகிறார் என்றால், அந்தப் பேச்சை நவம்பரிலேயே முடித்துக்கொண்டு அவருக்கு மாற்று தேடுங்கள். மாற்ற முடிந்தவை ஆட்ட உத்திக்குப் பொருத்தம், வரிசையில் இடம் ஆகியவை மட்டுமே; அவருக்கு முன்னால் நிற்கும் மூத்த வீரரை வேறு அணிக்கு மாற்றிய பிறகு, முன்பு மறுத்தவர் அதே விலைக்கு ஒப்புக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

போகவிட்ட வீரருக்கு ஈடு ஏதேனும் கிடைக்குமா?

என்.எஃப்.எல்லில் கிடைக்கும். சேர்த்தவர்களைவிட இழந்தவர்கள் மதிப்பில் மிஞ்சியிருந்தால், அடுத்த ஆண்டு டிராஃப்டில் மூன்று முதல் ஏழாம் சுற்று வரை ஈட்டு வாய்ப்புகள் தரப்படும். ஓர் அணிக்கு நான்கு வரை, லீக் முழுவதற்கும் வழக்கமாக முப்பத்திரண்டு. ஒப்பந்தம் முடிந்து போனவர்களே கணக்கில் வருவர். பழைய அணி விடுவித்தவரைச் சேர்த்தால் அது உங்கள் கணக்கைக் குறைக்காது. டிராஃப்ட் முடிந்த பின் குறித்த நாளுக்கு அப்பால் சேர்ப்பவர்களும் கணக்கில் வருவதில்லை. பால்டிமோர் அணி நெடுங்காலமாக இதை ஒரு தொழில்நுட்பமாகவே வளர்த்துக்கொண்டுள்ளது: நடுத்தர வீரர்களைப் பெரிய விலைக்குப் போகவிடும், விடுவிக்கப்பட்டவர்களைக் கொண்டு ஓட்டையை அடைக்கும், மறு ஆண்டு கூடுதல் வாய்ப்புகளோடு வரும்.

உங்கள் லீக்கில் இந்த ஈடு இல்லையென்றால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. அப்போது போகவிடுவது வெறும் இழப்பு. ஆகையால் தக்கவைக்க முடியாதவரைச் சீசன் நடுவில், மாற்றத்துக்கான கடைசி நாளுக்குள், ஐந்தாம் சுற்று வாய்ப்புக்காவது கொடுத்துவிட வேண்டும்.

பிற அணியின் வீரரைப் பற்றி அந்த மேலாளரிடமோ கமிஷனரிடமோ முன்கூட்டியே பேசலாமா?

வீரர்களை மாற்றிக்கொள்வது பற்றி மேலாளரிடம் பேசலாம். மனிதர்களே வீரர்களுக்கு முகவராக இருக்கும் லீக்குகளில், ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரின் முகவரிடம் பேசக்கூடாது. என்.எஃப்.எல்லில் லீக் ஆண்டு பிறப்பதற்கு முந்தைய இரண்டு நாள்கள் மட்டுமே பேச அனுமதி, அதிலும் கையெழுத்து கிடையாது. விதியை மீறியதற்காக மயாமி அணி 2022இல் தண்டிக்கப்பட்டு, 2023இன் முதல் சுற்று வாய்ப்பையும் 2024இன் மூன்றாம் சுற்று வாய்ப்பையும் இழந்தது. சிமுலேஷன் லீக்கில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். தண்டனையை முன்பே எழுதி வைப்பது கமிஷனரின் தலைவலியைக் குறைக்கும்.

டேக் போட்ட வீரர் கையெழுத்திட மறுத்தால்?

ஜூலை நடுப்பகுதிக்குள் நீண்ட ஒப்பந்தம் முடியாவிட்டால், அந்த ஆண்டு அவர் டேக் தொகைக்குத்தான் ஆட முடியும். அல்லது ஆடாமல் இருக்கலாம். பிட்ஸ்பர்க்கின் லெவியன் பெல் 2018இல் ஏறத்தாழ 1.45 கோடி டாலரை விட்டுவிட்டு முழுச் சீசனும் வீட்டில் இருந்தார். சிமுலேஷனில் வீரர்கள் பொதுவாக அந்த அளவுக்குப் போவதில்லை.

இந்தியாவிலிருந்து ஆடுகிறேன், கடைசி நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

உண்மையான லீக் நாள்காட்டியோடு ஒட்டி நடக்கும் லீக்குகளில் நேரம் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையினுடையது. லீக் ஆண்டு மாலை 4 மணிக்குப் பிறக்கிறது. மார்ச் நடுவில் அங்கே கடிகாரத்தை ஏற்கெனவே ஒரு மணி முன்தள்ளியிருப்பார்கள் என்பதால், அது இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் அதிகாலை 1.30, சிங்கப்பூரில் 4 மணி. 2025இல் அறிவிக்கப்பட்ட மார்ச் 12 நமக்கு மார்ச் 13. குளிர்கால நேரத்தை வைத்து 2.30 என்று கணக்கிட்டுத் தூங்கிப் போய், இடப்புற டாக்கிள் ஒருவரை ஒரு மணி நேரத்தில் இழந்த மேலாளர் நான்தான். கமிஷனர் என்பதால் கட்டத்தைப் பின்னோக்கி நகர்த்தச் சொல்லி என்னிடமே நான் விண்ணப்பிக்க முடியவில்லை.